இருளில் ஊறும் ஓமோனும் மூளையைச் சூழும் குருதியும்

மனிதனுக்கு வரும் தலைவலிகள் பல. வெயிலில் அலைந்தவனுக்கு வருவது ஒன்று. உறக்கமிழந்தவனுக்கு வருவது வேறொன்று. இவை சிறிது சிறிதாக ஏறிச் சிறிது சிறிதாக இறங்குபவை. ஆனால், சம்மட்டியால் அடித்தாற்போல நொடிப்பொழுதிலே தோன்றி, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும் தலைவலி ஒன்றுண்டு. வாழ்நாளில் இப்படியொரு வலியை அறிந்ததில்லை என்று நோயாளி கூறுவார், வாந்தியெடுப்பார், சில மணி நேரத்துள் கழுத்து விறைக்கும், சிலர் அவ்விடத்திலேயே நினைவிழந்து வீழ்வர். மூளையைச் சூழ்ந்துள்ள இடைவெளியிலே குருதி பாய்ந்திருக்கக்கூடும் என்பதற்கு இஃது அறிகுறி. இத்தகைய வலி கண்டவரைப் படுக்கவைத்துத் தைலம் தடவிக்கொண்டிருத்தல் தகாது. ஒரு மணி நேரமும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மூளையை மூன்று மென்சவ்வுகள் போர்த்திருக்கின்றன. வெளிச்சவ்வு தடித்தது. உட்சவ்வு மூளையின் மேடுபள்ளங்களோடு ஒட்டிக் கிடப்பது. நடுவிலுள்ளது சிலந்தி வலையை ஒத்த நுண்ணிய சவ்வு. நடுச்சவ்வுக்கும் உட்சவ்வுக்கும் இடையே நீர்போலத் தெளிந்த பாய்பொருள் நிறைந்திருக்கிறது. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் முதன்மை நாடிகள் இவ்விடைவெளியூடாகவே செல்கின்றன. மூளையின் அடிப்புறத்தே அவை ஒன்றோடொன்று பிணைந்து வளையமாக அமைகின்றன. தோமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில வைத்தியர் 1664ஆம் ஆண்டிலே அதனை விளக்கி எழுதினார். ஆகலின் அது வில்லிஸ் வளையம் என்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

இந்நாடிகள் கிளைக்கும் இடங்களிலே சிலரிடத்துச் சுவர் நலிந்துவிடுகிறது. பழைய சைக்கிள் ரியூப்பிற் காற்றடிக்கும்போது நலிந்த பாகம் மட்டும் புடைத்து நிற்பதை நேயர்கள் கண்டிருப்பர். நாடியிலும் அவ்வாறே சிறு புடைப்புத் தோன்றும். வளர்ந்தோரில் நூற்றுக்கு இருவர் மூவரிடத்து இத்தகைய புடைப்பு உண்டு என்பர். அவர்களுட் பெரும்பாலோர் அதனை அறியாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். உயர் குருதியமுக்கமும் புகைத்தலும் ஆபத்தைப் பெருக்குகின்றன. புடைப்பு வெடிக்குமாயின் குருதி சிலந்திச் சவ்வின் கீழே பாய்ந்து பரவும். அடிபட்டு வரும் குருதிப்பெருக்கை நீக்கிப் பார்த்தால், இவ்வகை நோய் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேருக்கு இக்காரணத்தாலேயே வருகிறது.

முன்னாளிலே வைத்தியர் கைகட்டி நின்ற நோய் இது. 1937ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை வைத்தியரான வோல்ற்றர் டண்டி புடைப்பின் கழுத்திலே சிறு உலோகக் கவ்வி ஒன்றைப் பொருத்திக் காட்டினார். 1990களின் தொடக்கத்தில் இத்தாலியரான குக்லியெல்மி, தொடைநாடி வழியே மெல்லிய குழாயைச் செலுத்திப் புடைப்பினுள்ளே பிளாற்றினக் கம்பிச்சுருளை நிரப்பும் முறையை வெளியிட்டார். இவற்றால் மீண்டும் வெடித்தல் தடுக்கப்படுகிறது. ஆயினும் தொல்லை அவ்வளவில் ஒழிவதில்லை. வெளியே பாய்ந்த குருதி சிதைகையிலே மூளைத் திசுவில் ஒட்சியேற்றத்தால் நச்சுப்பொருள்கள் பெருகுகின்றன. நான்காம் நாள் தொடங்கிப் பதினான்காம் நாள் வரையில் மூளை நாடிகள் சுருங்கி, நன்றாயிருந்த பகுதியும் குருதியின்றி வாடக்கூடும். தப்பிப் பிழைத்தவர் பலர் பல மாதங்கள் கழித்தும் களைப்பாலும் உறக்கக்கேட்டாலும் வருந்துகின்றனர்.

இத்தகைய நோயாளியின் குருதியிலே ஆய்வாளர் சிலர் மெலற்றோனின் என்னும் ஓமோனை அளந்து பார்த்துள்ளனர். உறக்கத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஒரு பொருளுக்கும் வெடித்த நாடிக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவலாம். அதற்கு விடை காண, முதலில் அந்த ஓமோன் பிறக்கும் இடத்தை அறிதல் வேண்டும்.

மூளையின் நடுவே, பின்புறத்தை நோக்கி, பைன் மரத்தின் காய் வடிவிலே பட்டாணி விதையினும் சற்றுச் சிறிய உறுப்பொன்று இருக்கிறது. கூம்புச் சுரப்பி என்று அதனைக் கூறலாம். கிறிஸ்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் கலென் அதனை அறிந்திருந்தார். 1649ஆம் ஆண்டில் வெளியான நூலிலே பிரான்சிய மெய்யியலாளர் தெக்கார்த், ஆன்மா உடலோடு தொடர்புகொள்ளும் தலையாய இடம் இதுவே என வாதித்தார். மூளையின் ஏனைய உறுப்புகள் வலமும் இடமுமாக இரண்டிரண்டாக இருக்க, இஃது ஒன்றாய் நிற்பதே அவருக்குக் கிடைத்த பெரிய சான்று! மெய்யியலாளரின் முடிவு நிலைக்கவில்லை. ஆனாலும் அச்சிறு உறுப்பின்மீது அறிஞரின் கண் விழுந்தமைக்கு அவரும் ஒரு காரணர்.

ஓமோனின் கதை மூளையில் அன்று, தவளையின் தோலிலே தொடங்குகிறது. மாட்டின் கூம்புச் சுரப்பியை அரைத்து எடுத்த சாற்றைத் தவளைக்குஞ்சுகளுக்கு ஊட்டினால் அவற்றின் தோல் வெளுக்கிறது என்று 1917ஆம் ஆண்டில் இரு அமெரிக்கர் கண்டனர். நாற்பது ஆண்டுகள் அச்செய்தி பெரும்பாலும் உறங்கிக் கிடந்தது. பின்னர் யேல் பல்கலைக்கழகத்தின் தோல்நோய் வைத்தியர் ஆரன் லேர்னர் அதனைக் கையில் எடுத்தார். வெண்புள்ளி நோய்க்கு மருந்து காணலாம் என்பது அவர் எண்ணம். ஆயிரமாயிரம் மாடுகளின் சுரப்பிகளைச் சேகரித்து, 1958ஆம் ஆண்டிலே தூய பொருளைப் பிரித்தெடுத்து அதற்கு மெலற்றோனின் என்று பெயரிட்டார். அவர் தேடிய மருந்து கிடைக்கவில்லை. மனிதன் தோலின் நிறத்தை அப்பொருள் மாற்றவில்லை. ஆனால் அதனை உண்டவருக்கு உறக்கம் வந்தது.

இந்த ஓமோன் பகலிலே குருதியில் மிகச் சிறிதளவே இருக்கும். மாலை மங்கிச் சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, பின்னிரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் உச்சமடைந்து, விடியுமுன் வீழ்ந்துவிடும். உச்சத்திலும் அதன் அளவு நம்புதற்கரிய நுண்மையுடையது. ஒரு கிராமை இலட்சங்கோடிப் பங்காக வகுத்தால் வருவது ஒரு பிக்கோகிராம். நள்ளிரவில் ஒரு மில்லிலீற்றர் குருதிநீரிலே சில பத்துப் பிக்கோகிராம். நண்பகலிலே பத்துக்கும் குறைவு. இரவில் விழித்திருக்கும் எலிக்குங்கூட அது இரவிலேதான் சுரக்கிறது. ஆகவே இதனை உறக்கத்தின் ஓமோன் என்பதினும் இருளின் ஓமோன் என்பதே பொருத்தமாகும். உறங்கு என்று அது ஆணையிடுவதில்லை. இரவு வந்துவிட்டது என்று உடலெங்கும் பறையறைகிறது.

கபாலத்தினுள்ளே அடைபட்டுக் கிடக்கும் சுரப்பி இரவு வந்ததை எங்ஙனம் அறிகிறது? இவ்விடத்தே இயற்கை நேர்வழியை விடுத்து நெடுவழியை மேற்கொண்டிருக்கிறது. விழித்திரையிலே நீல ஒளியைச் சிறப்பாக உணரும் நரம்புக்கலங்கள் சில உண்டு. காட்சி காண்பது அவற்றின் முதன்மைத் தொழில் அன்று. அவை ஒளியின் செய்தியைப் பரிவகக்கீழ் என்னும் மூளைப்பகுதிக்கு அனுப்புகின்றன. அங்கே ஏறக்குறைய 20,000 கலங்கள் கொண்ட சிறு தொகுதியே உடலின் தலைமைக் கடிகாரம். அக்கடிகாரத்தின் ஆணை மூளையிலிருந்து கீழிறங்கி, முண்ணாண் வழியே மார்பின் மேற்பகுதி மட்டத்தை அடைந்து, அங்கிருந்து வெளிப்பட்டுக் கழுத்திலுள்ள பரிவு நரம்பு முடிச்சுக்கு ஏறி, மூளைக்குச் செல்லும் நாடியின் சுவரைப் பற்றிக்கொண்டு மீண்டும் கபாலத்தினுள்ளே புகுந்து, இறுதியிற் சுரப்பியைச் சேர்கிறது. பக்கத்து வீட்டாருக்கு எழுதிய கடிதம் தலைநகர்த் தபாற்கந்தோர் சென்று திரும்பி வருவதுபோல! கழுத்திலே முண்ணாண் அறுபட்டோருக்கு இரவில் மெலற்றோனின் எழுவதில்லை என்று கண்டறியப்பட்டமை, கடிதம் அவ்வழியேதான் செல்கிறது என்பதற்கு ஐயமற்ற சான்று.

நரம்பின் நுனியிலே நோரதிரீனலின் என்னும் பொருள் வெளிப்பட, அதன் தூண்டுதலால் சுரப்பியின் நொதியங்கள் செரற்றோனினை மெலற்றோனினாக மாற்றுகின்றன. அச்சத்திலும் கோபத்திலும் நெஞ்சைத் துடிக்கச்செய்யும் பரிவு நரம்புகளின் தூதுவனும் இந்த நோரதிரீனலினே. மூளையைச் சுற்றிக் குருதி பாய்ந்தவுடன் அந்நரம்புகள் கொதித்தெழுகின்றன. நோரதிரீனலின் குருதியிலே பெருக்கெடுக்கிறது. சிலருக்கு இதயத்தசையும் தாக்குண்டு தளர்கிறது. ஆகவே அதே வேளையிலே மெலற்றோனினும் பெருகுமோ என்று ஆய்வாளர் கேட்டமை இயல்பே.

சீனத்திற் செய்யப்பட்டு 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதற்கு விடையளித்தது. நாடிப்புடைப்பு வெடித்து வந்த நோயாளிகளின் குருதியிலே மெலற்றோனின், நலமுள்ளோரிடத்திலும் மிகுதியாகக் காணப்பட்டது. அதுமட்டுமன்று. குருதிப்பெருக்கு எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு ஓமோனும் உயர்ந்திருந்தது. உயர்ந்த அளவோடு வந்தோருள்ளே பின்னர் இறந்தோரும் மாற்றுத்திறனோடு வாழநேர்ந்தோரும் மிகுதி. ஆகவே நோயின் போக்கை முன்கூட்டியே அறிய இவ்வளவு உதவலாம் என அவ்வாய்வாளர் கருதினர்.

செய்தியை இம்மட்டில் கேட்டு எழுந்து செல்வோர் இரண்டு தவறான முடிவுகளில் ஒன்றையேனும் பற்றிக்கொள்வர். மெலற்றோனின் மிகுந்தவர் இறக்கின்றனர், ஆதலின் அது நஞ்சு என்பது ஒன்று. உடல் தானே அதனைச் சுரக்கிறது, ஆதலின் அது மருந்து, கடையில் வாங்கிக் கொடுப்போம் என்பது மற்றொன்று. வீடொன்று பெரிதாகத் தீப்பற்றும்போது தண்ணீர் வாளியோடு ஓடிவருவோர் தொகையும் பெரிதாகவே இருக்கும். வாளிகள் மிகுந்த இடத்திலே சேதமும் மிகுந்திருக்கக் காண்போம். அதனால் வாளி தீயை மூட்டியது என்று முடிவு செய்வாருமில்லை. வாளிகள் தீயை அணைத்துவிட்டன என்று சொல்லவும் அக்காட்சி ஒன்றே போதாது. மெலற்றோனின் உயர்வும் அத்தகையதே. அது நோயின் கடுமைக்குச் சாட்சி. சாட்சியைக் குற்றவாளியாக்குதலும் தகாது, மீட்பனாக்குதலும் தகாது.

அந்தச் சாட்சியின் சொல்லையும் ஆராய்ந்தே கொள்ள வேண்டும். நண்பகலிலும் நள்ளிரவிலும் பன்மடங்கு வேறுபடும் பொருளை ஒரே ஒரு துளிக் குருதியைக் கொண்டு அளந்தால், எடுத்த மணி எது, அறையில் விளக்கு எரிந்ததா, நோயாளியின் வயது என்ன என்பவற்றையும் கூறாவிடில் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. முதுமையில் இவ்வோமோன் குறைகிறது. உயர் குருதியமுக்கத்துக்கும் நெஞ்சுத் துடிப்புக்கும் கொடுக்கப்படும் புரொப்ரனலோல் போன்ற மருந்துகள் சுரப்பியை எட்டும் ஆணையை மறித்து அதனைக் குறைக்கின்றன. மெலற்றோனினைச் சிதைத்து வெளியேற்றும் உறுப்பு ஈரல்; அது தளர்ந்தால், சுரப்பு மிகாமலே குருதியில் அளவு மிகும். இன்னொன்றும் உண்டு. எலிகளில் நடத்திய ஆய்வுகளின்படி, குருதியில் அலையும் நோரதிரீனலினைச் சுரப்பியின் நரம்பு நுனிகளே உறிஞ்சி அதனைக் காக்கின்றன. ஆகவே நோரதிரீனலின் பெருகியதனாலேயே மெலற்றோனின் பெருகிற்று என்னும் எளிய விளக்கத்தையும் முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

அளக்கும் இடமும் விடையை மாற்றும். இதற்குத் தலையிற் கடுமையாக அடிபட்டோரிடத்துச் செய்த ஆய்வொன்று நல்ல சான்று. அந்நோய் வேறாயினும் மூளைக்கு நேரும் கேடு பல வகையில் இதனை ஒத்தது. 2008ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியர் வெளியிட்ட அவ்வாய்வில் 39 நோயாளிகள் இடம்பெற்றனர். அவர்களின் மூளையைச் சூழ்ந்த பாய்பொருளிலே மெலற்றோனின் மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ ஏழு பிக்கோகிராமாக இருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்டோரிடத்து அது ஒன்றரையே. ஆனால் குருதியிலோ அத்தகைய உயர்வு காணப்படவில்லை! மூளையில் ஒட்சியேற்றக் கேடு மிகுந்தவரிடத்தே பாய்பொருளின் மெலற்றோனினும் மிகுந்திருந்தமையால், கேட்டை எதிர்த்து உடல் அதனைப் பெருக்குகிறது என அவ்வாய்வாளர் எண்ணினர். மெலற்றோனின் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் வன்மையுடையது என்பது ஆய்வுகூடங்களிற் பலமுறை காட்டப்பட்டதே.

விலங்குகளிலே செய்த பரிசோதனைகள் நம்பிக்கையூட்டுவன. மூளையைச் சூழக் குருதி பாயச் செய்த எலிகளுக்கு மெலற்றோனினைக் கொடுத்தபோது மூளை வீக்கமும் இறப்பும் குறைந்தன. ஆனால் 2008ஆம் ஆண்டில் வெளியான அத்தகைய ஆய்வொன்றிலே பயன் தந்த அளவு, எலியின் உடல்நிறையில் கிலோகிராமுக்கு 150 மில்லிகிராம். மனிதர் உறக்கத்துக்காக உட்கொள்ளும் மாத்திரையோ இரண்டு, மூன்று, ஐந்து மில்லிகிராம் அளவினது. இரண்டையும் ஒரே மருந்தெனப் பேசுதல், கைப்பிடி நீரையும் குளத்து நீரையும் ஒன்றென்பது போலாகும். நாடி சுருங்குவதால் வரும் கேட்டைக் குறைக்க மனிதரிடத்துப் பயன் நிறுவப்பட்ட மருந்து வேறு. நிமோடிப்பீன் என்பது அதன் பெயர். அதனை 21 நாட்களுக்குக் கொடுப்பது வழக்கம். அந்நாட்களில் நோயாளியின் உறவினர் தாமாக வாங்கிய எதனையும் வைத்தியர் அறியாது கொடுத்தல் கூடாது. உறக்கம் தரும் எப்பொருளும் நோயாளி சோர்ந்துவருவதன் காரணத்தை மறைத்துவிடும். மீண்டும் குருதி பாய்ந்ததா, நாடி சுருங்கிற்றா, மூளையுள் நீர் தேங்கிற்றா என்று வைத்தியர் கண்டறிவதற்கு அச்சோர்வே முதல் அறிகுறியன்றோ.

தீவிர சிகிச்சை அறையிலே இரவு எப்படி இருக்கும்? விளக்குகள் எரிகின்றன, கருவிகள் ஒலிக்கின்றன, மணிக்கொரு முறை தாதி வந்து நோயாளியை எழுப்பிப் பெயரைக் கேட்டு, கையை உயர்த்தச் சொல்லி, கண்மணியிலே விளக்கொளியைப் பாய்ச்சிப் பார்க்கிறார். செறிந்த ஒளி மனிதரிடத்து மெலற்றோனினை அடக்கும் என்பது 1980ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. அன்று தேவைப்பட்ட ஒளி 2,500 லக்ஸ். நூறு லக்ஸ் அளவான அறை விளக்கும் மாலையிலே போதும் என்று பின்னர் தெளிந்தது. இருள் என்பதே இல்லாத அறையிலே இருளின் ஓமோன் தன் தாளத்தை இழப்பதில் வியப்பென்ன? நச்சுக்குருதி நோயால் அவ்வறையிற் கிடந்தோரிடத்து இரவு பகல் வேறுபாடின்றி அது மட்டமாக ஓடியதை 2002ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. தாதியைக் குறைகூறுதல் நேர்மையன்று. அந்த மணிக்கொரு பார்வையே பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் பார்வை முடிந்ததும் தலைமாட்டு விளக்கை அணைக்கலாம், பகலிலே சாளரத்தைத் திறந்து வெளிச்சத்தை விடலாம், இவற்றுக்குச் செலவில்லை.

இழந்த தாளத்தை மாத்திரையால் மீட்கலாமா என்பதும் சோதிக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவில் தீவிர சிகிச்சை பெற்ற 850 பேரில் ஒரு பகுதியினருக்கு இரவுதோறும் நான்கு மில்லிகிராம் மெலற்றோனினும் மற்றோருக்கு வெற்று மருந்தும் கொடுத்துப் பார்த்தனர். சித்தக்குழப்பம் வருவதை அது குறைக்கவில்லை என்று 2022ஆம் ஆண்டில் வெளியான அவ்வறிக்கை கூறுகிறது. நம்பிக்கை பொய்த்த முடிவுகளையும் மறையாது வெளியிடுவது நல்ல ஆய்வுக்கு அழகு.

மாதங்கள் சென்றபின் நிலை மாறுகிறது. தலையிற் கடுமையாக அடிபட்டு வீடு திரும்பியோரிடத்து, முதல் நாட்களில் உயர்ந்து காணப்பட்ட அதே ஓமோன் குறைந்துவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் அவுஸ்திரேலிய ஆய்வொன்றில் அவர்களின் இரவுச் சுரப்பு நலமுள்ளோரினும் நூற்றுக்கு 42 பங்கு குறைவாயிருந்தது. ஏறத் தொடங்கும் நேரமும் பிந்தியிருந்தது. அவ்வாய்விற் பங்குகொண்டோர் சிலரே என்பதை மறக்கலாகாது. இரண்டு ஆண்டுகளின்பின் 33 பேரிடத்து நடத்திய சோதனையில், மெல்லக் கரையும் இரண்டு மில்லிகிராம் மாத்திரையை நான்கு வாரம் உட்கொண்டபோது உறக்கத்தின் தரம் உயர்ந்தது. ஆனால் அவர்கள் விரைந்து உறங்கிவிடவில்லை. நாடிப்புடைப்பு வெடித்துப் பிழைத்தோருக்கும் இவை அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. அவர்களுக்கென்று தனியே பெரும் ஆய்வுகள் வேண்டும்.

அத்தகைய ஆய்விலே அளவெடுக்கும் முறை எளிதானதுதான். மாலையில் மங்கிய ஒளியிலே நோயாளியை அமரவைத்து, அரைமணிக்கொருமுறை எச்சிலைச் சிறு குப்பியில் எடுத்து, ஓமோன் ஏறத் தொடங்கும் நேரத்தைக் குறிப்பர். ஈரல் சிதைத்து அனுப்பிய எச்சத்தை இரவு முழுதும் சேர்த்த சிறுநீரிலும் அளக்கலாம். இரண்டாவது முறைக்கு ஊசியும் வேண்டுவதில்லை. உறங்குபவரை எழுப்பவும் வேண்டுவதில்லை.